கை மாறாத ரஜாய்

ஏலவார்குழலி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, வீட்டின் நடுவில் சுவர் எழும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது.

சுவர் கூடத்தைச் சரிபாதியாக வெட்டியது. இந்தப் பக்கம் அவள் அப்பா பஞ்சாட்சரமும் அம்மா இந்திராணியும். அந்தப் பக்கம் சித்தப்பா சம்பந்தமும் சின்னம்மா ரேணுகாம்பாளும். இரண்டு பக்கமும் தறி ஓடியது. ஒரு பக்கத்துத் தறியில் பலகை அடிக்கும் சத்தம் மறுபக்கம் கேட்டது. தறிக்குழி இரண்டில் எது யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் தொடங்கிய பேச்சு, செங்கல் வந்து இறங்கிய பிறகுதான் நின்றது. அதோடு எல்லாப் பேச்சும் நின்றது.

பெண்கள் இருவருக்கும் சண்டை இல்லை. ஆனால் புருஷன்மார் பேசாதபோது தாங்கள் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டது கூச்சமாகிவிட்டது.

ரேணுகாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. குழலியைக் குளிப்பாட்டியதும், தலை பின்னியதும், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். இந்திராணி அப்போது தறியில் இருந்தாள். நெசவாளர் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இந்திராணியின் கைக்குப் பெயர் உண்டு. அவள் நெய்த புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளிகள் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைப்பார்கள். சொல்ல ஒன்றும் இருக்காது.

ரேணுகாம்பாள் இடக்கைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அவளையும் தறியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். குறுக்கு நூலோடு ஓடும் நாடா ஒரு பக்கம் பாய்ந்தும் ஒரு பக்கம் தயங்கியும் போயிற்று. கரை இழுத்துக்கொண்டது. பிறகு நாடாவுக்கு வேண்டிய நூலை ராட்டையில் தாராகச் சுற்ற அவளை வைத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அவளுக்கு வேறொன்று வரும். பிறந்த ஊர் ஆற்காட்டில் பக்கத்து வீட்டு உருதுக்காரப் பெண்கள் ரஜாய் தைப்பார்கள். துணித்துண்டுகளைச் சேர்த்துச் சதுரம் சதுரமாகத் தைத்து, சதுரங்களை இணைத்து, உள்ளே பழைய வேட்டி வைத்துப் போடும் கனத்த போர்வை. அதை அங்கே கற்றுக்கொண்டிருந்தாள். கலியன் டெய்லர் ரவிக்கை வெட்டி மிஞ்சிய பட்டுத் துண்டுகளை மூட்டையாகக் கொடுப்பார். ரேணுகாம்பாள் அதில் ஒரே ஒரு மாதிரிதான் தைப்பாள். பனையோலையில் பிள்ளைகள் செய்யும் காற்றாடி. முக்கோணங்கள் நடுவில் கூடிச் சுழலும். அவள் கைப்போக்கில் அது இடப்பக்கம் சுழலும்.

இந்திராணி அவளிடம் பார்த்துக் கற்றவள். ஆனால் அவள் காற்றாடி தைக்கவில்லை. புடவைக் கரையில் வரும் கோபுரத்தை எடுத்துக்கொண்டாள். படி படியாக ஏறி உச்சியில் கூடும் கோபுரம். அவரவர் மாதிரியில் அவரவர் ரஜாய். இரண்டையும் ஒன்றாகப் போட யாருக்கும் தோன்றியதில்லை.

குழலி வந்த மறுநாள் காலையில் முசரவாக்கத்திலிருந்து மணியம்மாள் தயிர்ப்பானையோடு வந்தாள். இரண்டு வாசலிலும் ஊற்றுகிறவள்.

"ஒரே வூடு, ரெண்டு தபா கூவ வேண்டிக்குது. ஏம்மா, செவுத்துல ஒரு பொந்தாவது வுட்டிருக்கக் கூடாதா? இந்தாண்ட நின்னுக்கினே அந்தாண்ட ஊத்திட்டுப் போவேன்."

குழலி சிரித்தாள். இந்திராணி சிரிக்கவில்லை. மணியம்மாள் குழலி பக்கம் திரும்பினாள்.

"உங்க சின்னம்மா கேட்டுது. புள்ள வந்துக்குதாமே, எப்படிக்குதுன்னு. போய்ப் பாக்கறதுதானே, உனுக்குக் காலு இல்லியான்னேன். காலு இருக்குது, மொகம் இல்லன்னுது."

அன்று மத்தியானமே குழலி தெரு வழியாகச் சுற்றி அடுத்த வாசலுக்குப் போனாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை யாரும் தடுக்கவில்லை. திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு ரஜாய் வேணும்மா. புள்ளைக்கு. உன் கோபுரமும் சின்னம்மா காத்தாடியும் ஒண்ணா."

"ரெண்டும் ஒண்ணா சேராதுடி. கண்ணு எங்க நிக்கும்?"

"நிக்கும், நிக்கும். நானு கேட்டுட்டேன். சின்னம்மா தெச்சித் தரேன்னுச்சி." குழலி குரலைத் தணித்தாள். "புள்ளையத் தொட்டில்ல போடறதுக்கும் சின்னம்மாதான் வரணும்னு சொல்லிட்டேன். அந்த ரஜாய் மேலதான் போடணும். அன்னைக்கி வந்துட்டாங்கன்னா அப்பறம் வரப்போக இருப்பாங்க. நீயும்தான் எத்தினி நாளைக்கி செவுத்தயே பாத்துக்கினு இருப்ப?"

மறுநாள் இந்திராணி தறியைவிட்டுச் சீக்கிரம் எழுந்து துண்டுமூட்டையைப் பிரித்தாள்.

ரேணுகாம்பாளின் முதல் சதுரங்கள் குழலி கையில் வந்தன. இந்திராணி தன் சதுரத்தைப் பக்கத்தில் வைத்தாள். வந்தது ஒரு விரல் அகலம் குறைந்தது. இருவரும் சாணால் அளக்கிறவர்கள். ரேணுகாம்பாளுக்குச் சின்னக் கை.

"பிரிச்சி பெரிசா தெக்கச் சொல்லு."

"வேணாம்மா. சுத்திலும் ஒரு பட்டி வெச்சி தெச்சா உன் அளவுக்கு வந்துடும். சின்னம்மாவே சொல்லுச்சி. ரெண்டு மாதிரி ஒண்ணா இருக்கணும்னா ஒரு கலராவது ரெண்டுத்துலயும் வரணுமாம். அந்தக் கலர்லயே பட்டி வெச்சுடலாமாம்."

இந்திராணி யோசித்தாள். சரியாகத்தான் இருந்தது. அரக்கு நிறத் துண்டுகளாகப் பொறுக்கி, பாதியைக் கட்டி அந்தப் பக்கம் கொடுத்தனுப்பினாள்.

அப்படித்தான் அந்த மாதம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். துணி போயிற்று, துணி வந்தது.

"அம்மா, சின்னம்மா கேக்குது. கோபுரம் எல்லாம் நல்லாக்குது, கலசம் எங்கன்னு."

"அவ காத்தாடி சுத்தன சுத்துல பறந்துடுச்சின்னு சொல்லு."

குழலி போய்ச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரேணுகாம்பாள் சிரிப்பது கேட்டது. இந்திராணி சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் வந்த காற்றாடியில் ஒரு மூலையில் மட்டும் சின்னதாக மஞ்சள் முக்கோணம் ஒன்று ஒட்டியிருந்தது. பறந்து வந்த கலசம். இந்திராணி அதைப் பஞ்சாட்சரத்திடம்கூடக் காட்டினாள். அவர் பார்த்தார். அடக்கிய சிரிப்பில் வாய் கோணியது.

குழலிக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண் குழந்தை. பிரசவம் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டதால் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஆரணியிலிருந்து வந்த மாமியார் கூட இருந்தாள். இந்திராணி காலையில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மற்ற நேரம் ரஜாயை முடிக்க உட்கார்ந்தாள்.

சதுரங்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஒரு கோபுரம், ஒரு காற்றாடி என்று மாற்றி மாற்றிக் கூடத்தில் பரப்பினாள். நடுநடுவே அரக்குப் பட்டி. சேராது என்று நினைத்தது சேர்ந்திருந்தது. கோபுரம் நின்றது, காற்றாடி சுழன்றது. எதுவும் எதையும் அடிக்கவில்லை.

பஞ்சாட்சரம் தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்தார். சொம்போடு நின்று பார்த்தார்.

"ரெண்டு கை தெரியுது" என்றார்.

குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நெசவுக்காரன் கண்ணில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால் நெசவில் அது குறை. ஒரு புடவை ஒரே கையாக வரவேண்டும். நடுவில் ஆள் மாறி உட்கார்ந்து நெய்தால், பலகையை அடிக்கும் கனம் மாறி, அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு நிழல்போல விழும். வேறு யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். "கை மாறிக்குதே" என்பார். அதைக் கேட்பதைவிடப் பிரித்து மறுபடி நெய்வது மேல். உடம்புக்கு முடியாத நாளிலும் இந்திராணி தன் புடவையில் வேறு ஆளை உட்கார விட்டதில்லை. தறி சும்மா கிடக்கும்.

பஞ்சாட்சரம் போன பிறகு அவளும் பார்த்தாள். கை தெரிந்தது. தன் தையல் கடுகு வரிசை. ரேணுகாம்பாளுடையது ஒன்று நீளம், ஒன்று குட்டை, எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு காற்றாடியின் முனை தையலுக்குள் போய் மழுங்கியிருந்தது.

அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யலாம் என்று ஊசிமுனையால் நூலைக் கிளப்பினாள். சுலபமாக வந்துவிட்டது. முக்கோணங்களை நீவி, ஓரம் சமமாக்கி, திரும்பத் தைத்தாள். தைத்து முடித்தபோதுதான் தெரிந்தது, அவள் கையில் காற்றாடி வலப்பக்கம் சுழன்றது.

பரப்பிய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். முனை எல்லாம் கூராக இருந்தது. பக்கத்துக் காற்றாடி அதற்குமுன் தொய்ந்து தெரிந்தது. எதிர்ப்பக்கம் வேறு சுழன்றது. அதையும் எடுத்தாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் வலமாகவும் மற்றதெல்லாம் இடமாகவும் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மஞ்சள் முக்கோணம் இருந்த சதுரம் வந்தது. ஒட்டுப்போட்ட துண்டு எந்தப் பட்டிக்கும் நேராக நிற்கவில்லை. எடுத்துவிட்டாள்.

ரேணு பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். தன் காற்றாடி இவ்வளவு அழகானது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

குழலி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ரஜாய் முடிந்தது. இந்திராணி அதை மடித்து வைத்து, மறுபடி விரித்துப் பார்த்து, மறுபடி மடித்தாள். தரையில் கிடந்த வெள்ளை நூல் பிசிறுகளைப் பெருக்கி வாசலில் கொட்டினாள். அன்றைக்கு அவள் மனம் நிறைந்திருந்தது. பின்னாளில் அவளுக்குப் பொறுக்காமல் போனது அந்த நிறைவுதான்.

குழலி குழந்தையோடு வந்தாள். ரஜாயைப் பார்த்து "அழகா வந்துக்குதும்மா" என்றாள். தூக்கம் கெட்ட கண்கள். பிறகு பார்க்கலாம் என்று படுத்துவிட்டாள்.

தொட்டில் போடும் நாள் வந்தது. ரேணுகாம்பாள் தெரு வழியாகச் சுற்றி வந்தாள். வாசற்படியில் நின்றாள். தலையில் பூ. கையில் தட்டு. தட்டில் குழந்தைக்குக் கொலுசு.

"வா ரேணு" என்றாள் இந்திராணி.

"வரேங்க்கா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேசினார்கள். பஞ்சாட்சரம் தம்பி மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்தார். "தம்பி சாப்பிட்டானா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "சாப்ட்டாருங்க மாமா" என்றாள் ரேணுகாம்பாள். தெருப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரஜாயைக் கொண்டுவந்து விரித்தார்கள். மணியம்மாளும் வந்திருந்தாள். அவள்தான் முதலில் குனிந்து தடவிப் பார்த்தாள்.

"அடி ஆத்தா! ரெண்டு பேரு தெச்சதுன்னாங்க. ஒரே கை தெச்சமாரி இல்ல இருக்குது!"

"அப்படித்தான் இருக்குது" என்றார்கள் மற்றவர்கள்.

ரேணுகாம்பாள் குழந்தையை வாங்கக் கை நீட்டியவள், நீட்டியபடியே ரஜாயைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஒரு காற்றாடியின் மேல் விரலை வைத்து அது சுழலும் பக்கம் நகர்த்தினாள். அடுத்ததின்மேல் வைத்தாள். இன்னொன்றைத் தேடினாள்.

இந்திராணி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நூலு லூசா இருந்திச்சி ரேணு. புள்ள காலு மாட்டிக்கப் போவுதேன்னு... கொஞ்சம் பிரிச்சி தெச்சேன்."

"நல்லாக்குதுக்கா."

"துணியெல்லாம் உன்னுதுதான். ஒண்ணும் மாத்தல."

"தெரியுதுக்கா. நல்லாக்குது." ரேணுகாம்பாள் விரலை எடுத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணு மட்டும். நானும் தெச்சேன்னு யாருகிட்டயும் சொல்லாதக்கா. பொய்யாப் பூடும்."

பிறகு குழந்தையை வாங்கினாள். ரஜாயோடு சேர்த்துத் தூக்கித் தொட்டிலில் போட்டாள். மூன்று முறை ஆட்டினாள். பாடச் சொன்னார்கள் என்று ஒரு தாலாட்டும் பாடினாள். கொலுசைப் போட்டாள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாயசம் நன்றாக இருக்கிறது என்றாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, வந்த வழியே தெருவில் இறங்கிப் போனாள்.

மறுநாள் வருவாள் என்று குழலி எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குழந்தை அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை சத்தம் நிற்கும். அழுகை அடங்கினால் மறுபடி சுற்றும்.

"உங்க ஓரகத்திகிட்ட சொன்னேன், ரஜாய் ஜோராக்குதுன்னு" என்றாள் மணியம்மாள் இந்திராணியிடம், தயிரை அளந்துகொண்டே. "எனுக்கு இன்னா தெரியும், அக்கா தெச்சதுன்னுது. நீங்க இன்னாம்மா, அதும் தெச்சதுன்னீங்க? யாரு சொல்றது மெய்யி?"

குழலி எழுந்துபோய்த் தொட்டிலிலிருந்து ரஜாயை உருவிக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

"ஏம்மா பிரிச்ச?"

"கோணலா இருந்திச்சிடி."

"இருந்தா?"

"ரெண்டு கை தெரிஞ்சிது."

"யாரு பாக்கப் போறாங்க? மொதலாளியா? வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவாரா உன் பேத்திய?"

இந்திராணி அவள் கையிலிருந்து ரஜாயை வாங்கிக்கொண்டாள்.

அன்று அவள் தறியில் உட்காரவில்லை. ரஜாயை மடியில் போட்டு, பட்டிகளின் தையலை வெட்டி, காற்றாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோபுரங்களுக்கு நடுவே ஓட்டைகள் விழுந்தன. ஓட்டைகள் வழியாகப் பழைய வேட்டி தெரிந்தது. காற்றாடிகளையும் பிரித்து முக்கோணங்களாக்கினாள். ஒன்றைத் தானே இடப்பக்கமாகத் தைத்துப் பார்த்தாள். ஊசியை இடக்கையில் பிடித்துக்கூடப் பார்த்தாள். இடப்பக்கம்தான் சுழன்றது. ஆனாலும் அது இவள் தையல். எந்தக் கையில் பிடித்தாலும் கடுகு வரிசையாகவே போயிற்று.

எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சுவர் எழும்பிய பிறகு அந்த வாசலுக்குள் அவள் போவது முதல் தடவை. சம்பந்தம் தறியில் இருந்தார். அண்ணியைப் பார்த்ததும் நாடா நின்றது. எழுந்து, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போனார். ரேணுகாம்பாள் பாய் போட்டாள். காப்பி கொண்டுவந்தாள். இந்திராணி எப்போதும் குடிக்கும் பித்தளை டம்ளர், சாமான்களைப் பிரித்தபோது ரேணுகாம்பாள் பக்கம் போயிருந்தது. ஆனால் காப்பி வந்தது புது எவர்சில்வர் டம்ளரில்.

இந்திராணி முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏன்க்கா? புள்ள போத்திக்கறதப் போயி ஏன் கிழிச்ச? மார்கழியில குளுராதா?"

"நீ தெச்சிக் குடு ரேணு. முன்ன தெச்ச மாரியே. நானு தொட மாட்டேன்."

ரேணுகாம்பாள் முக்கோணங்களைப் பார்த்தாள். அவற்றின் ஓரங்கள் இரண்டு முறை பிரித்ததில் நைந்திருந்தன.

"முன்ன எப்படித் தெக்கறேன்னு பாத்தா தெச்சேன்? நீ அந்தாண்ட, நானு இந்தாண்ட. புள்ள எடுத்துக்கினு போச்சி, எடுத்துக்கினு வந்திச்சி. கை பாட்டுக்குப் போச்சி."

"இப்பவும் போவும்."

"போவும்."

ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துப் பிடித்தாள். ஒரு தையல் போட்டாள். நின்று அதைப் பார்த்தாள். உருவிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி பார்த்தாள். இந்திராணி பார்வையைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் யாரோ பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நூலை உருவும் சத்தம் நின்றதால் திரும்பினாள். ரேணுகாம்பாள் ஊசியை வலக்கைக்கு மாற்றியிருந்தாள்.

"ரேணு, எடக்கையிலியே தை."

"இருக்கட்டும்க்கா."

"எனக்கு அது வேணாம். உன் கையி வேணும்."

"இதும் என் கையிதானே."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். ஊசி நுழையுமிடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அளந்து, ஒவ்வொரு தையலாக, கடுகு கடுகாக. முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல. ஒரு தடவை விரலில் குத்திக்கொண்டு சப்பினாள். இந்திராணி கை நீட்டி நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீட்டிய கையால் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தம் கொல்லையிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். காப்பி ஆறிப் போயிற்று.

ஒரு காற்றாடி முடிய மத்தியானம் ஆயிற்று. ரேணுகாம்பாள் அதை நீவி, அக்காவிடம் கொடுத்தாள்.

"பாருக்கா, சரியாக்குதா?"

இந்திராணி வாங்கிப் பார்த்தாள். முனைகள் கூராக இருந்தன. வலப்பக்கம் சுழன்றது. மடியிலிருந்த ரஜாயை விரித்து, கோபுரங்களுக்கு நடுவே இருந்த ஓட்டையின்மேல் வைத்தாள்.

சரியாக இருந்தது.